ஆய்வை வயலுக்குக் கொண்டு போக எந்த வழி: பள்ளியா, வானொலியா, ஒலிபெருக்கியா?

நீடித்த வேளாண்மை பற்றி ஆராய்ச்சி செய்யும் குழுக்களின் திட்ட அறிக்கையில் கடைசிப் பக்கங்களில் ஒரு தலைப்பு கட்டாயம் இருக்கும்: மக்களிடம் கொண்டு சேர்த்தல். அதற்கென்று கொஞ்சம் பணமும் ஒதுக்கியிருப்பார்கள். திட்டம் முடியப் போகிற நேரத்தில்தான் அந்தப் பணம் ஞாபகத்துக்கு வரும். மண்டபம் பிடித்து, கருத்தரங்கு நடத்தி, கையேடு அச்சடித்துக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும். செய்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த வழி எதற்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த வேலையை இங்கே செய்து பார்க்கலாம்.

காவிரி டெல்டாவில் நெல் பற்றி ஆய்வு செய்யும் ஒரு சிறு குழுவை மனதில் வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு போகத்துக்கான பணம், இரண்டு மூன்று இளம் ஆய்வாளர்கள். "பூச்சி மருந்தைப் பாதியாகக் குறைத்தாலும் விளைச்சல் குறையாது" என்பது அவர்களுடைய முடிவு. இதை விவசாயிகளிடம் எப்படிக் கொண்டு போவது? நல்ல வேளையாக, ஏறக்குறைய இதே செய்தியை இரண்டு நாடுகள் ஏற்கெனவே இரண்டு வழிகளில் கொண்டு போயிருக்கின்றன. இந்தோனேசியா பள்ளி நடத்தியது. வியட்நாம் வானொலியில் சொன்னது. பயிரும் ஒன்று, பிரச்சினையும் ஒன்று. ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி அமையாது.

பிரச்சினை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புகையான் விழுந்த வயலைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பச்சைப் பயிருக்கு நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சின்னப் பழுப்பு நிறப் பூச்சி அது. பசுமைப் புரட்சிக்கு முன்னால் பெரிய தொல்லையாக இல்லாத இந்தப் பூச்சி, 1970களில் ஆசியா முழுக்க வயல்களை அழித்தது. அதைக் கொல்ல அடித்த மருந்தே அதைப் பெருக்குகிறது என்பதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. புகையான் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. ஆனால் வெளியே ஓடித் திரியும் சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் செத்துப் போகும். முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் தயாராக இருக்கும்.

இதை ஏற்றுக்கொண்டு இந்தோனேசிய அரசு 1986ல் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் 1989க்குள் எடுத்துவிட்டது. சட்டம் போட்டாயிற்று. ஆனால் மருந்தடிக்காமல் பயிரைக் காப்பது எப்படி என்று விவசாயிக்கு யார் சொல்வது?

வயல்வெளிப் பள்ளி

1989ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அங்கே தொடங்கியதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. ஒரு ஊரில் சுமார் 25 விவசாயிகள். நடவிலிருந்து அறுவடை வரை வாரம் ஒரு காலை. கட்டடம் கிடையாது, வயல்தான் பாடசாலை.

அந்தக் காலை எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குவார்கள். சில குத்துகளை, அதாவது நட்ட இடத்தில் கொத்தாக நிற்கும் பயிர்களை, தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார்கள். எத்தனை தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) கட்டியிருக்கிறது, இலை என்ன நிறம், தண்டடியில் என்ன பூச்சி, எத்தனை, சிலந்தி எத்தனை, வயலில் தண்ணீர் எவ்வளவு. அப்புறம் கரையேறி, பெரிய தாளில் வண்ண மெழுகுக் குச்சியால் படம் வரைவார்கள். நடுவில் நெற்செடி, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் அவற்றைத் தின்னும் பூச்சிகள், மேலே அன்றைய வானிலை. படத்தை மாட்டி வைத்து, இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் சொல்லும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

நடத்துபவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "இது என்ன பூச்சி?" என்று யாராவது கேட்டால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. "எங்கே பார்த்தீங்க? அப்போ அது என்ன பண்ணிட்டு இருந்தது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெயர் கடைசியாக வந்தால் போதும். அது தின்னும் பூச்சியா, தின்னப்படும் பூச்சியா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. சந்தேகம் இருந்தால், ஒரு செடியை வலைக்கூண்டு போட்டு மூடி, உள்ளே எண்ணிப் பத்து புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டுவிட்டு மறுநாள் எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு பரிசோதனையும் உண்டு. பயிர் இளசாக இருக்கும்போது சில குத்துகளின் இலைகளைப் புழு தின்றதுபோலக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். அறுவடையின்போது அந்தக் குத்துகளில் நெல் குறைந்ததா என்று எடை போடுவார்கள். இளம் பயிர் இழந்த இலையை மீண்டும் விட்டுக்கொள்ளும் என்று எந்த மேடையிலிருந்து சொன்னாலும் நம்பாத ஆள், தன் கையால் வெட்டிய குத்தில் கதிர் நிறைந்திருப்பதைப் பார்த்தால் நம்புவார்.

பத்தாண்டுகளில் இந்தோனேசியாவில் பத்து லட்சம் பேருக்குக் குறையாமல் இந்தப் பள்ளிகளில் படித்தார்கள். முறை ஆசியா முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டிலும் வேளாண் துறையின் பண்ணைப் பள்ளிகள் இந்த வழியில் வந்தவைதான்.

குறை இல்லாமல் இல்லை. உலக வங்கி ஆய்வாளர்கள் இந்தோனேசியப் பள்ளிகளை மதிப்பிட்டு 2004ல் வெளியிட்ட முடிவு பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. படித்தவர்களின் விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை, அவர்களிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு அறிவு போய்ச் சேரவும் இல்லை என்றது அது. வேறு ஆய்வுகள் மருந்து நன்றாகவே குறைந்ததாகச் சொல்கின்றன. இந்தச் சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. பக்கத்து வயலுக்குப் போகவில்லை என்ற குறையை மட்டும் நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வரப்பில் நின்று "மருந்தடிக்காதே" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு போகம் முழுக்கக் குனிந்து பார்த்துக் கற்றதை வரப்பில் நின்று சொல்ல முடியாது.

செலவும் அதிகம். ஒரு ஆள் ஒரு போகத்தில் மூன்று நான்கு ஊருக்கு மேல் நடத்த முடியாது. நம் குழுவிடம் இருக்கும் ஆட்களை வைத்துப் பார்த்தால், இருநூறு பேரைத் தொட்டால் பெரிய விஷயம்.

வானொலியில் ஒரு வாக்கியம்

வியட்நாமின் மேகாங் டெல்டாவில், முன்பு சொன்ன சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் கே.எல். ஹியோங்கும் தகவல் தொடர்பு அறிஞர் மோனினா எஸ்கலாடாவும் வேறு கணக்குப் போட்டார்கள். விவசாயிகள் முதலில் அடிக்கும் மருந்து பெரும்பாலும் எதற்கு என்று பார்த்தார்கள். இளம் பயிரில் இலையைச் சுருட்டித் தின்னும் புழுவுக்குத்தான். அந்தச் சேதம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், விளைச்சலைப் பாதிக்காது. அந்த நேரத்தில் அடிக்கும் மருந்துதான் சிலந்திகளைக் கொன்று, பின்னால் புகையானுக்கு வழி திறந்து விடுகிறது. அப்படியென்றால் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, இந்த ஒன்றைத் தடுத்தால் போதும். "விதைத்து 40 நாள் வரை இலை தின்னும் புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம்." முழுச் செய்தியும் இவ்வளவுதான்.

1994ல் லாங் ஆன் மாகாணத்தில் இதை வானொலிக் குறுநாடகங்களாகவும் துண்டறிக்கைகளாகவும் சுவரொட்டிகளாகவும் கொண்டு போனார்கள். நாடகங்களில் நகைச்சுவை இருந்தது, மருந்தடிக்கத் துடிக்கும் ஒருவரும் பொறுமையாக இருக்கும் ஒருவரும் பேசிக்கொள்வதுபோல. இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஒரு போகத்துக்கு ஒரு விவசாயி மருந்தடிக்கும் தடவை சராசரி 3.4லிருந்து 1.6 ஆக இறங்கியிருந்தது. பாதிக்கும் கீழே! பிரசாரம் மேகாங் டெல்டாவின் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வானொலி ஜெயித்துவிட்டது என்று தோன்றும். நானும் முதலில் இதைப் படித்தபோது அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் வானொலிக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வாக்கியத்தை ஒலிபரப்பும் முன் விவசாயிகளிடமே சோதனைக்குக் கொடுத்தார்கள். "உங்கள் வயலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் 40 நாள் அடிக்காமல் விடுங்கள், மீதியில் வழக்கம்போல அடியுங்கள், அறுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்." விளைச்சல் குறையவில்லை என்று கண்டவர்கள் அந்த ஊர்களில் ஏற்கெனவே இருந்தார்கள். நாடகத்தில் வந்த விவசாயி பேசியது அவர்கள் பேச்சுதான்.

வானொலியின் பலவீனமும் பின்னால் தெரிந்தது. 2006ல் மேகாங் டெல்டாவில் புகையானும் அது பரப்பிய வைரஸ் நோய்களும் பெரும் சேதம் செய்தன. ஒரு வாக்கியத்தை மட்டும் அறிந்தவருக்கு, 60ஆம் நாளில் தண்டடியில் பூச்சி தெரியும்போது என்ன செய்வது என்று அந்த வாக்கியம் சொல்லாது. அப்போது கேட்கப் போகும் இடம் மருந்துக் கடைதான். மருந்துக் கடைக்காரர் தினமும் அங்கே இருக்கிறார், கடனும் கொடுக்கிறார். ஆய்வாளர் போகத்துக்கு ஒரு தடவை வருகிறார். இந்தப் போட்டியில் யார் சொல்வது எடுபடும் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வானொலி நம் ஊருக்கும் புதிதல்ல. 1960களில் ஆடுதுறை 27 ரகம் தஞ்சாவூர் மாவட்டத்தில் வேகமாகப் பரவியபோது அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் விழுந்தது. அந்த ரகத்தைப் பற்றி மக்கள் கேள்விப்பட்டதே திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியாகத்தான். அன்றைய வானொலி இன்று இல்லை என்பது உண்மை. ஆனால் சமூக வானொலி இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4 ஒரு நல்ல உதாரணம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுதான் எட்டும், ஆனால் அந்தச் சுற்றளவுக்குள் பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். உள்ளூர் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இன்று ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கின்றன.

ஒலிபெருக்கி

வாக்கியம் தினம் தினம் மாறுகிற விஷயம் என்றால் பள்ளியும் பொருந்தாது, நாடகமும் பொருந்தாது. அதற்குப் புதுச்சேரியைப் பார்க்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம், அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு. தொடங்கும் முன் ஊர் ஊராகப் போய் "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று கேட்டார்கள். ஊர் இடம் கொடுக்க வேண்டும், ஆள் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியினரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். இந்த நிபந்தனையில் அவர்கள் உறுதியாக இருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். வேளாண் ஆராய்ச்சி ஊருக்குள் நுழையும்போது யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும்.

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை முன்னறிவிப்பைத் தமிழில் கடற்கரை ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தார்கள். 2004 சுனாமியன்று இன்னொரு மீனவ ஊரான நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையைத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில்தான் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அலைக்கு முன்னால் வெளியேறியது. எச்சரிக்கை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வரவில்லை. ஆனால் அந்த ஒலிபெருக்கியில் வருவதை நம்பலாம் என்ற பழக்கம் ஊருக்கு ஏற்கெனவே இருந்தது.

நம் குழுவுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. இந்த வாரம் எந்தப் பகுதியில் புகையான் தென்படுகிறது என்பது தினசரித் தகவல். அதை ஊருக்கு ஒரு குரலில் சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும். ஆனால் மையம் வைத்து ஆண்டுக்கணக்கில் நடத்துவது இரண்டு போகத்துப் பணத்தில் நடக்காது. ஏற்கெனவே இருக்கிற பஞ்சாயத்து ஒலிபெருக்கியோ உழவர் குழுவின் வாட்ஸ்அப்போ இருந்தால் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

மற்ற இரண்டு

பொதுமக்களே பார்த்து எண்ணிப் பதியும் கணக்கெடுப்பு நல்ல முறை, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. 2015லிருந்து தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் கால் மணி நேரம் பறவை பார்த்துப் பட்டியல் பதியலாம். 2011லிருந்து நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். 2023ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. பரந்த நிலப்பரப்பில் என்ன நடக்கிறது என்று ஆய்வாளருக்கே தெரியாதபோது இதற்கு இணை கிடையாது. நம் குழுவுக்குப் பதில் தெரியும். அதை விவசாயி நம்ப வேண்டும் என்பதுதான் தேவை.

கலைப்பயணம், தெருநாடகம் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கக் காலத்தில் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் அது ஊரையே எழுப்பியது. உணர்ச்சியைத் தூண்ட அதைவிட வலுவான வழி தெரியவில்லை. எண் ஒன்றை நினைவில் நிறுத்த அது உதவாது.

டெல்டாவுக்கு என்ன செய்யலாம்

பள்ளியா வானொலியா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், பள்ளியில் தொடங்கி வானொலியில் முடிப்பேன். வரிசை முக்கியம். நேராக வானொலிக்குப் போனால் மேகாங்கில் வேலை செய்த முன்பாதி விடுபட்டுப் போகும்.

ஜூன் 12ல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கினால், அந்த முதல் போகத்தை மூன்று ஊரில் வாராந்திர வயல் கூட்டத்துக்கு ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு மா (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) நிலத்தை மட்டும் சோதனைக்கு விடட்டும். அதில் விளைச்சல் குறைந்தால் ஈடு கொடுப்போம் என்று குழு எழுதியே தர வேண்டும். சோதனையின் ஆபத்தை விவசாயி மட்டும் சுமப்பது நியாயமில்லை, குத்தகைக்காரருக்கு அது கட்டுப்படியும் ஆகாது. களையெடுக்கும் பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும், கூலி நேரத்தைக் கணக்கில் எடுத்து அதற்கான பணத்தோடு. தண்டடியில் பூச்சியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

40 நாள் கணக்கை மேகாங்கிலிருந்து அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. அங்கே நேரடி விதைப்பு அதிகம், அந்த வாக்கியம் இலை தின்னும் புழுவுக்கு மட்டும்தான். காவிரி டெல்டாவில் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியையும் பார்த்தாக வேண்டும். புகையானுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இருக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். தாளில் படிக்கும்போது இது வெறும் எண். குனிந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் சிலந்திக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பது கையில் பிடிபடும். நம் மண்ணுக்கு எந்த வாக்கியம் நிற்கும் என்பதை அந்தப் போகத்தின் அறுவடை சொல்லும்.

அடுத்த போகம் சம்பா. இப்போது வானொலிக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகலாம், ஒரே ஒரு வாக்கியத்தோடு. பேசுவது ஆய்வாளர் குரலாக இருக்க வேண்டாம். குறுவையில் ஒரு மா விட்டுப் பார்த்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரையும் கண்ட விளைச்சலையும் சொல்லிப் பேசட்டும். அந்த மூன்று ஊரின் வாராந்திரக் கூட்டத்தை மட்டும் நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டும், 60ஆம் நாளில் சந்தேகம் வருகிறவருக்கு மருந்துக் கடையைத் தவிர இன்னொரு இடம் வேண்டுமே.

கருத்தரங்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஈட்டுத்தொகையும் பெண்களுக்கான கூலியும் அடங்கிவிடும். மிச்சம் இருந்தால் வலைக்கூண்டும் வண்ணக் குச்சியும் வாங்கிக்கொள்ளலாம்.